ஆயுத பூஜையன்று நிற்காத பம்பரம்

நாச்சிமுத்து சொன்ன பம்பரக் கதையைத் தெய்வசிகாமணி மூன்று வருடமாக நம்பவில்லை. நம்பாமல் இருப்பது பெரிய காரியமில்லை. அன்று கேட்ட யாருமே நம்பவில்லை. மற்றவர்கள் சிரித்துவிட்டு மறந்துபோனார்கள். இவர் மட்டும் அதை அடிக்கடி எடுத்துப் பார்த்து, சரிதான், பொய்தான் என்று உறுதி செய்துகொண்டு, மறுபடி உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பொய்யை எத்தனை முறை சரிபார்ப்பது என்று அவருக்கே சலிப்பு.

தெய்வசிகாமணிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. சத்தி ரோட்டில் ஒரு எடை மேடையில் வேலை. லாரி ஏறி நிற்கும், முள் காட்டுவதைச் சீட்டில் எழுதுவார். முள் காட்டாததை இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட எழுதியதில்லை. கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்துப் பிறந்த ஒரே பையன் நிதர்சன் மூன்றாம் வகுப்பு. தினமும் சாயங்காலம் அவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து வண்டியில் கூட்டி வருவது இவர்தான். “இன்னைக்கு என்ன கண்ணு நடத்துனாங்க?” என்பார். பின்னாலிருந்து “ம்” என்று வரும். “பசிக்குதா?” “ம்.” வீடு வந்துவிடும். வீட்டுக்குள் போனதும் அதே பையன் அம்மாவிடம் வாய் ஓயாமல் பேசுவது சமையலறையிலிருந்து கேட்கும். தன்னிடம் பேச அவனுக்கு ஏன் ஒன்றுமே இல்லை என்பது, அவர் யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்ட ஒரு கேள்வி.

அந்தச் சமயத்தில்தான் பள்ளியிலிருந்து போனுக்குச் செய்தி வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கண்காட்சி. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து செய்த விளையாட்டுப் பொருள் கொண்டுவர வேண்டும். கடையில் வாங்கியது கூடாது. இதுவரை யாரும் பார்க்காததாக இருந்தால் நல்லது.

பள்ளி வாசலில் புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்திக் காத்திருந்த அப்பாக்கள் அன்று இதைத்தான் பேசினார்கள்.

“யாரும் பாக்காததுக்கு நான் எங்க போவேன்? எம்பட வீட்ல யாரும் பாக்காதது தொலைஞ்சுபோன கேஸ் புக்கு ஒண்ணுதான்” என்றான் ஆட்டோ ஓட்டும் ஆரோக்கியம்.

“டயர்ல ஊஞ்சல் கட்டிரலாம்னு இருக்கேன்” என்றார் டயர் கடை சுலைமான் பாய்.

மொபெட் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து மெதுவாகக் கனைத்தான். கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் கடைசல் பிடிப்பவன். அவன் மகள் வர்ஷிகா நாலாம் வகுப்பு.

“ஊஞ்சலுங்களா” என்றான். “நல்லதுதானுங். ஆனா பாருங்க, நானும் எம்பட அம்மிணி வர்ஷிகாவும் போன ஆயுத பூஜைக்கு ஒரு பம்பரம் செஞ்சமுங். அதுக்கப்பறம் வேற எந்த விளையாட்டுச் சாமானையும் பாக்கவே மனசு வரமாட்டீங்குது.”

“பம்பரமா? அத எல்லாரும்தான் பாத்திருக்கோம்.”

“இது ஒத்தையாளு விட்டா சுத்தாதுங் பாய். சாட்டைய அவ சுத்தோணும், நான் இழுக்கோணும். மாத்தி நான் சுத்தி அவ இழுத்தாலும் கெடையாது, வெறும் இரும்பாட்டம் நிக்கும். பழைய பம்புசெட்டு ஷாப்ட்டு இரும்பு ஒண்ணு பட்டறைல கெடந்துச்சு, அதுல கடைஞ்சது. ஒரு பூசணிக்கா தண்டி.”

தெய்வசிகாமணி தன் வண்டியை ஒரு அடி நகர்த்திக் கிட்டத்தில் நிறுத்தினார். அவருக்கு வேண்டியது செய்முறை. வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது.

“சாட்டை என்ன கயிறுங்க?” என்று கேட்டார்.

“போர்வெல்லு மோட்டார் கயிறுங்கண்ணா. நானூறு அடி. அம்மிணி காலைல பலகாரம் தின்னுபோட்டுச் சுத்த ஆரம்பிச்சா, மத்தியானச் சோத்துக்குத்தான் முடிஞ்சுது. அப்பறம் நான் நுனியப் புடிச்சு ஓடுனேன். சத்தி ரோட்டு மேல ஓடறேன், சிக்னல்ல செவப்பு விழுந்துபோச்சு.”

“அப்புறம்?”

“நின்னேன். சட்டம்னா சட்டந்தானுங்களே. பச்சை விழுந்ததும் மறுபடி இழுத்தேன். பட்டறைக்குத் திரும்பி வந்து பாத்தா, பம்பரம் சுத்துது. அண்டாத் தண்டி பம்பரம், சத்தமே இல்ல.”

“இப்பத்தான் பூசணிக்கான்னீங்க” என்றான் ஆரோக்கியம்.

“ஓடிப்போயிட்டு வரதுக்குள்ள வளந்திருக்கும்போல. நான் அளக்கல. ஒரு காக்கா அது நிக்குதுன்னு நெனச்சு மேல உக்காந்துச்சுங். எந்திரிச்சதிலிருந்து இன்னைக்கு வரைக்கும் நேரா பறக்க மாட்டீங்குது. எங்க தெருவுல சோறு வெச்சா, மூணு சுத்து சுத்திட்டுத்தான் எடுக்கும்.”

“காக்கா சரி. காத்து அடிச்சுதா?” சுலைமான் பாய் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டார்.

“காத்தா? தெருவுல துணி காயவெக்க வெயிலே தேவைப்படல. ரெண்டாம் நாளு பொம்பளைக உளுந்தக் கொண்டாந்துட்டாங்க. பம்பரத்துக்குப் பக்கத்துல குண்டாவ வெச்சாப் போதும், அந்த அதிர்வுலயே மாவு ஆடிரும். மூணு நாளு ஒரு வீட்லயும் கிரைண்டர் போடல. அந்த மாவுல ஊத்துன இட்லி இருக்குதுங்களே, தட்டப் போட்டு மூடித்தான் வெக்கோணும்.”

“ஏன், பறந்துச்சா?”

“பறக்கலீங்” என்றான் நாச்சிமுத்து கொஞ்சம் வருத்தத்துடன். “பறந்துச்சுன்னு சொல்லிறலாம். எதுக்குப் பொய்யி? கொஞ்சம் மெதந்துச்சு, அவ்வளவுதான்.”

ஆரோக்கியம் ஆட்டோவின் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தான். தெய்வசிகாமணி சிரிக்கவில்லை. ஷாப்ட்டின் விட்டம் எவ்வளவு என்று கேட்கலாமா என யோசித்துக்கொண்டிருந்தார்.

“வெனை எங்க வந்துச்சுன்னா, ஆயுத பூஜைல. மொதலாளி பொரிமூட்டை, பூசணிக்காயோட வந்துட்டாரு. எல்லா மிசினும் கழுவி, பொட்டு வெச்சு நிக்குது. அன்னைக்கு ஒரு நாளு மிசினு ஓடக் கூடாது. இது மட்டும் சுத்துது. ‘நிறுத்துறா’ங்கறாரு. எப்பிடிங் நிறுத்தறது? நாலு பேரு கட்டிப் புடிச்சோம், நாங்க நாலு பேரும் சுத்துனோம். சரின்னு அவரே சந்தனம் குங்குமத்தோட கிட்டப் போயிப் பொட்டு வெச்சாரு. விரலு பட்டதும் பொட்டு கோடாயிருச்சு. சுத்தியும் ஒரே வளையம். அவுரு மூஞ்சிலயும் ஒரு வளையம். இது நிக்காம ஒருத்தருக்கும் பொரி கெடையாதுன்னுட்டாரு.”

“பொரி போச்சா” என்றார் பாய்.

“போயிருக்கும். எம்பட அம்மிணிதான் போயிப் பம்பரத்துகிட்டக் குனிஞ்சு, ‘சித்தெ நேரம் கீழ போயிச் சுத்து சாமி’ன்னா. அது உடனே பூமிக்குள்ள எறங்க ஆரம்பிச்சிருச்சு. எரநூறு அடி, ஐநூறு அடி, தொள்ளாயிரத்துல புழுதி வந்துச்சு. போர் போடற லாரிக்காரங்க அந்த வழியாப் போனவங்க, எறங்கி வந்து செருப்பக் கழட்டிப்போட்டு நின்னு பாத்தாங்க. ஆயிரத்து நூத்துல தண்ணி. சிறுவாணித் தண்ணியாட்டம் இனிப்பு.”

“பம்பரம்?”

“அது தண்ணிக்கு அடில பக்கவாட்டுல திரும்பிருச்சுங் பாய். நாலாவது நாளு எம்பட மச்சான் பல்லடத்துலருந்து போன் பண்றான், மாமா, எங்க தோட்டத்துல ஒரு பம்பரம் மேல வந்திருக்குது, உங்களுதான்னு.”

பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள். வர்ஷிகா பையை அப்பாவின் மடியில் போட்டாள். ஆரோக்கியம் விடவில்லை. அவனுக்கு அந்த நாளின் மிச்சச் சந்தோஷம் இந்தக் குழந்தையிடம் இருப்பதாகத் தோன்றியிருக்க வேண்டும்.

“பாப்பா, உங்கப்பா ஒரு பம்பரம் விட்டாராமா. பல்லடத்துக்கே போயிருச்சாமா. நெசமா?”

நாச்சிமுத்து மொபெட்டின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். வர்ஷிகா அப்பாவை ஒரு முறை பார்த்தாள். பிறகு பெரியவர்கள் தப்பாகச் சொன்னதைத் திருத்தும் டீச்சர் மாதிரி ஆரோக்கியத்திடம் திரும்பினாள்.

“பல்லடம் இல்லீங் மாமா. பொள்ளாச்சி. பல்லடத்துல சும்மா மூச்சு வாங்க மேல வந்துச்சு. அப்பா எப்பவுமே கொறச்சுத்தான் சொல்லுவாரு.”

எல்லோரும் சிரித்து முடிப்பதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். பின் சீட்டிலிருந்து அவள் அப்பாவின் காதில் ஏதோ விடாமல் சொல்லிக்கொண்டு போனது, தெரு திரும்பும் வரை தெரிந்தது.

“பாத்தியா கண்ணு, என்ன புளுகு” என்றார் தெய்வசிகாமணி வண்டியைக் கிளப்பியபடி.

“ம்” என்றான் நிதர்சன்.

அந்த வாரம் அவர் அட்டையில் ஓர் எடை மேடை செய்தார். அளவுகோல் வைத்துக் கீறி, பிளேடால் அறுத்து, தராசு முள் நிஜமாகவே அசையும்படி. நிதர்சன் பக்கத்தில் உட்கார்ந்து பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டான். “நான் ஒட்டட்டுமாப்பா?” என்று ஒரு தடவை கேட்டான். “கோணலாப் போயிரும், விடு கண்ணு” என்றார். முடித்ததும் ஒரு சீட்டில் முத்து முத்தான எழுத்தில் அவரே எழுதி ஒட்டினார்: ‘அப்பாவும் நானும் சேர்ந்து செய்தது.’

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் மேசை மேசையாக விளையாட்டுச் சாமான்கள். எடை மேடையைப் பார்த்த டீச்சர், “ரொம்ப நீட்டா இருக்குதுங் சார்” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். கூட்டமெல்லாம் ஒரு மூலையில் இருந்தது. அங்கே மேசையில் ஒன்றுமே இல்லை. தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம். வட்டத்தின் இந்தப் பக்கம் நாச்சிமுத்து, அந்தப் பக்கம் வர்ஷிகா, இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்திருந்தார்கள்.

“பம்பரம் இப்ப இதுக்கு அடில வருதுங்” என்று அவள் விளக்கினாள். “பொள்ளாச்சிலருந்து திரும்பிருச்சு. அப்பாவும் பிள்ளையும் சேந்து காத வெச்சாத்தான் கேக்கும். ஒத்தையாளு வெச்சாக் கேக்காது.”

சுலைமான் பாய் தன் மகளோடு மண்டியிட்டுக் காதை வைத்துவிட்டு, “வேகம் கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்குதே” என்றார். “இல்ல அத்தா, மேடு ஏறுது” என்றாள் மகள். ஆரோக்கியத்தின் இரட்டைப் பையன்கள் எழுந்திருக்கவே மாட்டேன் என்றார்கள்.

நிதர்சன் அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்தான். அவனாக அவர் கையைப் பிடித்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கு ஞாபகமில்லை. இருவரும் மண்டியிட்டார்கள். தரை சில்லென்று இருந்தது. எதிரே ஒரு சாண் தூரத்தில் பையனின் முகம், ஒரு கன்னம் நசுங்கி, கண்கள் அகலமாக.

“கேக்குதுங்கப்பா” என்றான். “அப்பா, பெருசா கேக்குது. உங்களுக்கு?”

தெய்வசிகாமணி மூச்சை அடக்கிக் கவனமாகக் கேட்டார். முழுதாக அரை நிமிடம். பிறகு உள்ளதைச் சொன்னார்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலியே கண்ணு.”

நிதர்சன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். “ம்” என்றான்.

அவ்வளவுதான் நடந்தது. மண்டபத்தில் அத்தனை பேர் புளுகியதில் பாதகமில்லை. உண்மையைச் சொன்ன தனக்கு மட்டும் ஏன் இப்படி ஆயிற்று என்று அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க, அன்று எழுத்தில் எழுதி ஒட்டப்பட்ட ஒரே பொய் தன் மேசையில்தான் இருந்தது என்பதும் தெரிந்தது. போதாததற்கு, தன் காதின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை லேசாக ஏதோ கேட்டதோ? ஒரு மத்தியானம் லாரி இல்லாத நேரத்தில் எடை மேடைத் தகட்டில் குப்புறப் படுத்துக் காதை வைத்துப் பார்த்தார். வாட்ச்மேன் சோடா வாங்கிக்கொண்டு ஓடி வந்தான்.

இப்படியே மூன்று வருடம். நிதர்சன் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டான். அடுத்த மாதம் சைக்கிள் வாங்கித் தருவதாக அவன் அம்மா சொல்லிவிட்டாள். இனிமேல் அவனே வந்துவிடுவான், உங்களுக்கும் அலைச்சல் மிச்சம் என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நிதர்சன் வந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டான். தெய்வசிகாமணி வண்டியைக் கிளப்பி நாலடி போனார். நாச்சிமுத்து வழக்கம்போல மொபெட்டில் சாய்ந்து, ஏழாம் வகுப்பு விடுவதற்காகக் காத்திருந்தான். அவன் பக்கத்தில் போனதும் இவர் வண்டியை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்தார். இருபத்தொன்பது வருடத்தில் எழுதாத ஒரு சீட்டை எழுதப்போகிறவர்போல் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“என்னுங்கண்ணா, வண்டி மக்கர் பண்ணுதா?” என்றான் நாச்சிமுத்து.

“அதில்லீங்.” பின்னால் பையன் அசைவது நின்றிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகவே கேட்டார்:

“ரெண்டு நாளா எங்க வீட்டுத் தரை அதிருதுங் நாச்சிமுத்து. எம்பட பையனும் நானும் சேந்து காத வெச்சுப் பாக்கலாம்னு இருக்கோம். அந்தப் பம்பரம் இன்னைக்கு எங்க தெருவுக்கு அடில எத்தனை மணிக்கு வருமுங்?”