ஓட்டளவு கீரை

அந்தக் காலத்தில் ஆமைக்கு ஓடு இருந்தது. ஆனால் அதற்குள் போய் ஒடுங்கிக்கொள்ளத் தெரியாது. தலையும் கழுத்தும் நான்கு கால்களும் வெயிலானாலும் மழையானாலும் வெளியேதான் இருக்கும். மனிதர் பேசுவது மிருகங்களுக்கும் மிருகங்கள் பேசுவது மனிதருக்கும் விளங்கிய நாட்கள் அவை.

அப்போது ஒரு கரட்டு மலைக்குக் கீழே, ஒரே ஒரு கிணற்றை நம்பி, காத்தாயி என்பவள் கீரை போட்டுவந்தாள். அவள் புருஷன் வீரணன் மாடு பூட்டித் தண்ணீர் இறைப்பான். அவள் மண்வெட்டியால் மடை திருப்பிப் பாத்தி பாத்தியாக நீர் கட்டுவாள். அறுத்த கீரையை அவன் ஊருக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தானியம் வாங்கி வருவான். பெரிய வரும்படி இல்லை. வயிறு வாடாமல் இருந்தார்கள்.

காத்தாயி சிறு பெண்ணாக இருந்தபோது பஞ்சம் பார்த்தவள். அதைப் பற்றி யாரிடமும் பேச மாட்டாள். ஆனால் அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் சுலபத்தில் எழுந்துவிட முடியாது. போதும் என்ற சொல் அவள் காதில் விழவே விழாது. வழிப்போக்கர்கள் அவள் குடிசையைக் கண்டால் கொஞ்சம் சுற்றிப் போவார்கள். வீரணனுக்கு அந்த வழியும் இல்லை. ஒவ்வொரு வேளையும் கடைசி இரண்டு களி உருண்டைகளைத் துண்டுக்குள் ஒளித்து எடுத்துப்போய் மாட்டுக்குக் கொடுத்துவந்தான். மாடுகள் பேசுகிற காலம்தான். என்றாலும் அந்த மாடு அவனை ஒருநாளும் காட்டிக்கொடுத்ததில்லை.

ஒரு கோடையில் மலையில் ஒரு பச்சை இல்லாமல் கருகிப்போயிற்று. அந்தக் கோடையின் நடுவில் ஓர் ஆமை மலையிலிருந்து இறங்கி வந்தது. அதன் ஓடு ஆற்றுக் கல்லைப் போல வழவழவென்று இருந்தது. கண்கள் குழிந்திருந்தன. வாய்க்கால் ஓரம் வரை வந்து, அதற்கு மேல் நடக்க முடியாமல் நின்றுவிட்டது. காத்தாயி அப்போது பசலைக் கீரை அறுத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒரு இலை கிடைக்குமா?” என்று ஆமை கேட்டது.

அக்கா என்ற சொல்லைக் கேட்டதும் அவள் கையில் இருந்த அரிவாள் நின்றது. பாத்தியின் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு இளசாக இருந்த கொழுந்துகளை மட்டும் கிள்ளிக் கிள்ளி மடி நிறையக் கொண்டுவந்து அதன் முன்னால் கொட்டினாள். ஆமை தின்றது. தின்றபடியே தூங்கிப்போனது. அது விழிக்கும் வரை அவள் நிழல் படும்படியாக நின்றிருந்தாள்.

அன்றோடு ஆமை அந்தத் தோட்டத்திலேயே தங்கிவிட்டது. காலையில் ஒரு கூடை பசலை. உச்சிவேளையில் ஒரு கூடை. வெயில் சாயும்போது இன்னொன்று. நாலைந்து நாளில் ஆமைக்குத் தெம்பு வந்துவிட்டது. ஒருநாள் காலைக் கூடையில் பாதி தின்றுவிட்டு, “போதும் அக்கா” என்றது.

காத்தாயியின் முகம் வாடிவிட்டது. அவள் கோபப்படவில்லை. “நல்லா இல்லையா?” என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு, மிச்சக் கீரையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாதவள் போல நின்றாள். ஆமைக்கு மனசு கேட்கவில்லை. “விளையாட்டுக்குச் சொன்னேன்” என்று சொல்லி மீதியையும் தின்றது. அதன்பின் அது போதும் என்று சொல்லவே இல்லை.

ஐப்பசியில் மழை பெய்தது. மலை முழுக்கத் தழைத்தது. மற்ற ஆமைகள் புதர்களுக்கிடையே நடந்து நடந்து, மூக்கிரட்டையில் ஒரு கடி, அருகம்புல்லில் ஒரு கடி, உதிர்ந்த பூவில் ஒரு கடி என்று மேய்ந்தன. இந்த ஆமை மட்டும் பாத்தி ஓரத்திலேயே கிடந்தது. நடக்கவேண்டிய தேவை அதற்கு இல்லை. வேகவேகமாக வளர்ந்தது. உள்ளே உடம்பு பெருக்கப் பெருக்க, வழவழப்பாக இருந்த ஓடு கட்டம் கட்டமாக மேடு தட்டிற்று. ஓடு பெருத்த அளவுக்குக் கால்கள் உரம் பெறவில்லை. வாய்க்கால் வரப்பைக்கூட ஏற முடியாமல் பின்னங்கால்கள் மடங்கின.

வரப்பில் இரை பொறுக்க வரும் கௌதாரி ஒன்று இதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல என்ன கேடு என்று ஒருநாள் ஆமையிடம் கேட்டது.

“ஒரு தடவை சொன்னேன். அவள் முகம் போன போக்கை நீ பார்க்கவில்லை” என்றது ஆமை.

வீரணனுக்கும் தெரிந்திருந்தது. ஒருநாள் அவன் தயங்கித் தயங்கி, ஆமை நடையே சரியில்லை, கீரையைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாமே என்று சொன்னான். காத்தாயி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். வாயில்லாத ஜீவனுக்குப் போடுவதில் கணக்குப் பார்க்கிறீர்களா என்று கேட்டாள். அதற்கு வாய் இருக்கிறது என்பதை அவன் எடுத்துச் சொல்லவில்லை. அன்று முழுக்க அவள் அவனோடு பேசவில்லை. மறுநாள் ஆமைக்குக் கூடை இன்னும் பெரிதாகப் போயிற்று.

தை மாதத்தில் ஒரு காலை ஆமை கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. காத்தாயி பயந்துபோனாள். பயம் வந்தால் அவளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். ஓடிப்போய்க் கொழுந்துப் பசலை பறித்து வந்து, அதன் வாயருகே நீட்டினாள். ஆமை வாய் திறக்கவில்லை.

“ஒரே ஒரு வாய்டா. எனக்காக ஒரு வாய்” என்றாள்.

ஆமை தின்றது. அவள் இன்னொரு இலை நீட்டினாள். அதையும் தின்றது. மூன்றாவது இலையை நீட்டியபோது அதன் கழுத்து நடுங்கியது. அவள் இலையை அதன் வாயில் வைத்து மெல்ல அழுத்தினாள். ஆமையால் இனி விழுங்கவும் முடியாது. வேண்டாம் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. அப்போதுதான் அது, அதுவரை எந்த ஆமையும் செய்யாத ஒன்றைச் செய்தது. தன் நீண்ட கழுத்தை, எலும்பெல்லாம் நோக நோக, பின்னால் இழுத்தது. தலை ஓட்டின் விளிம்பைத் தாண்டி உள்ளே போயிற்று. பிறகு கால்கள் ஒவ்வொன்றாகப் போயின. வெளியே வெறும் ஓடு மட்டும் கிடந்தது.

காத்தாயி இலையைப் பிடித்தபடியே இருந்தாள். செத்துப்போயிற்று என்றுதான் அவள் நினைத்தாள். வீரணன் மாட்டை நிறுத்திவிட்டு ஓடிவந்தான். அவளை எழுப்பப் பார்த்தான். அவள் அசையவில்லை. ஓட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறி உச்சிக்கு வரும்வரை அப்படியே இருந்தாள். பிறகு, எத்தனையோ வருஷமாகப் புருஷனிடம்கூடச் சொல்லாததை அந்த ஓட்டிடம் சொல்ல ஆரம்பித்தாள்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். பெயர் சடையன். பஞ்சத்தில் அப்பனும் ஆத்தாளும் பிழைப்புத் தேடிப் போனவர்கள் திரும்பவில்லை. அவளுக்குப் பத்து வயது, அவனுக்கு ஐந்து. மூன்று நாள் தண்ணீரை மட்டும் குடித்தான். நான்காம் நாள் அவள் எங்கெங்கோ அலைந்து ஒரு கைப்பிடி கீரை கொண்டுவந்து அடுப்பில் வைத்தாள். அக்கா, வெந்திருச்சா என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். இந்தா ஆச்சு, இந்தா ஆச்சு என்று அவள் ஊதிக்கொண்டே இருந்தாள். சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பியபோது அவன் கேட்பதை நிறுத்தியிருந்தான்.

“பச்சையாவே குடுத்திருக்கலாம்” என்றாள் காத்தாயி. “வேகட்டும்னு நெனச்சேன்.”

வீரணன் அவளுக்குப் பின்னால் மண்ணில் உட்கார்ந்தான். கையை அவள் தோளில் வைத்தான்.

அப்போது ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. மெல்லிய குரல்.

“அக்கா, நான் சாகவில்லை. உள்ளே இருக்கிறேன்.”

அவள் குனிந்து ஓட்டில் காதை வைத்தாள்.

“நீ கொடுக்கும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் உள்ளே வந்துவிட்டேன். இங்கிருந்து உன் முகம் தெரியாது. இங்கிருந்தால் என்னால் சொல்ல முடியும்” என்றது ஆமை. பிறகு, “நான் உன் தம்பி இல்லை அக்கா. எனக்குப் பசி தீர்ந்துபோயிற்று. நான் வந்த அன்றைக்கே நீ தீர்த்துவிட்டாய்” என்றது.

காத்தாயி அழுதாள். அழுகை ஓயும்வரை வீரணனும் எழவில்லை, ஆமையும் வெளியே வரவில்லை. கடைசியில் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“சரி, சொல்லு. உனக்கு எவ்வளவு வேணும்?”

அவள் வாழ்க்கையில் யாரிடமும் கேட்காத கேள்வி அது.

“என் முதுகில் பரப்பிப் பார். ஓட்டை மூடுகிற அளவு என்னுடையது. கீழே விழுவது என்னுடையது இல்லை” என்றது ஆமை. பசலை மட்டும் ஆகாது என்றும், மலையில் கிடைக்கிற தழைகளையும் கலந்துகொள்ள வேண்டும் என்றும், நடந்து தேடித் தின்றால்தான் கால் பிழைக்கும் என்றும் சொன்னது.

மறுநாளே இருவரும் கூடையோடு மலை ஏறினார்கள். மூக்கிரட்டையும் அருகும் பறித்தார்கள். காட்டுச் செம்பருத்தி இலை கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். பசலையில் ஒன்றிரண்டு இலை மட்டும் போட்டார்கள். காத்தாயி அவற்றைக் கலந்து ஆமையின் முதுகில் பரப்பினாள். மூடியதும் கை நின்றது. கூடையில் முக்கால்வாசி மிச்சம் இருந்தது. அவள் கை தானாக அதன் பக்கம் போயிற்று. என்றாலும் முதுகில் இருந்ததை மட்டும் எடுத்து, இங்கே கொஞ்சமும் எட்டி அங்கே கொஞ்சமுமாகத் தரையில் வைத்தாள்.

வைப்பதைவிட, வைத்துவிட்டு எழுந்து போவதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. கிணற்றடி வரை போவாள், திரும்பி வருவாள். ஆமை ஒவ்வொரு பிடியாக நடந்து தேடித் தின்றுவிட்டு, வயிறு நிறைந்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவள் தூரத்தில் நின்று அதைப் பார்ப்பாள். சில நாள் ஓட்டை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டுப் போவாள். சில நாள் அதுவும் இல்லாமல் போகப் பழகினாள்.

ஆமையின் கால்கள் தேற ஒரு வருஷம் ஆயிற்று. ஓட்டில் தட்டிய மேடுகள் மட்டும் மறையவில்லை. மறுபடியும் மழை பெய்து மலை பச்சை கட்டியபோது, அது வரப்பைத் தானாக ஏறி இறங்கித் தன் இனத்தைத் தேடிப் போயிற்று. போகும்முன் அக்கா என்று ஒரு தடவை கூப்பிட்டது. நாலைந்து நாளுக்கு ஒருமுறை தோட்டத்துக்கு வந்தும் போயிற்று. மலையில் இருந்த மற்ற ஆமைகள் அது ஒடுங்குவதைக் கண்டு, முதலில் சிரித்து, பிறகு தாங்களும் இழுத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டன.

ஆமை போன அன்று உச்சிவேளையில் வீரணன் சாப்பிட உட்கார்ந்தான். காத்தாயி நான்காவது உருண்டையோடு குனிந்தாள். அவன் தட்டின்மேல் கையைக் குறுக்கே வைத்தான். கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருஷத்தில் அவன் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அவள் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு உருண்டையைச் சட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டு, தனக்கு ஒரு தட்டு எடுத்துக்கொண்டு வந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அந்த நாள் தொட்டுத்தான் ஆமைகள் போதும் என்று தோன்றினால் தலையை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அவற்றை வளர்க்கிறவர்களும் ஓடு மூடும் அளவுக்குப் பல தழைகளைக் கலந்து வைத்துவிட்டு, இன்னொரு வாய் என்று கெஞ்சாமல் எழுந்து போய்விடுகிறார்கள்.