டாக்டர் ஆடாத ஆட்டம்

கோத்தகிரில அருமைநாயகம்னு ஒரு பல் டாக்டர். அம்பது வயசு. ஸ்நூக்கர்ல அதுக்கு மேல ஸ்கோரே கெடையாதுங்கற ஸ்கோர ஒரு சாயங்காலம் எடுத்தார். மறுநாள்லேருந்து க்ளினிக்கைத் தொறக்கல.

நோயாளிங்க வந்து பூட்டைப் பாத்துட்டுப் போனாங்க. சிலபேர் கன்னத்தப் புடிச்சுக்கிட்டே போனாங்க. நஞ்சுண்டன் மட்டும் போகல. காய்கறி மண்டி வெச்சிருக்கற ஆளு, டாக்டரோட கூட்டாளி. கதவைத் தட்டிக்கிட்டே நின்னார். டாக்டர் தொறந்தப்போ, நஞ்சுண்டனோட வலது கன்னம் பன்னு ஒண்ண உள்ள வெச்சு மூடின மாதிரி இருந்துச்சு.

"யோவ் டாக்டரே, பல்லு வீங்கிப்போச்சுய்யா."

"வேற டாக்டரப் பாரு."

"இருபது வருஷமா என் வாய்க்குள்ள போன ஒரே கை உன் கை. வேற எவன் கைய விடுவேன்?"

"அப்ப வா, ஒக்காரு."

நஞ்சுண்டன் உள்ள வந்தார். நாற்காலியப் பாத்தார். டாக்டர் கையப் பாத்தார். ஒக்காரல.

"என்னய்யா?"

"பயமா இருக்கு."

"எனக்கும்தான்," அப்படின்னார் டாக்டர்.

ரெண்டு பேருக்கும் பயம் ஒண்ணே ஒண்ணப் பத்தித்தான்.

ஸ்நூக்கர் தெரியாதவங்களுக்கு: பந்த அடிக்கற கோல் ஒருத்தர் கைக்கு வந்ததுலேருந்து தப்பு விடாம அவர் எடுத்துக்கிட்டே போற பாயிண்டுக்குப் பேரு பிரேக். சிவப்புப் பந்து ஒண்ண குழில தள்ளணும், அப்புறம் கறுப்பு. கறுப்ப எடுத்து மறுபடி மேல வைப்பாங்க. இன்னொரு சிவப்பு, மறுபடி கறுப்பு. இப்படியே பதினஞ்சு சிவப்பும் தீரணும். கடசில கலர்ப் பந்து ஆறும் வரிசையா. மொத்தம் நூத்தி நாப்பத்தேழு. பெரிய பெரிய ஆட்டக்காரங்களே ஆயுசு பூரா அதுக்காகத் தவம் கெடப்பாங்க. நம்ம டாக்டர் அதுவரைக்கும் எடுத்த பெரிய பிரேக் முப்பத்தெட்டு. அதுக்கே எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தார்.

அன்னைக்கு பேக்கரி மாடில இருக்கற ஸ்நூக்கர் ஹால்ல நஞ்சுண்டனோடதான் ஆட்டம். டாக்டர் ஒரு சிவப்பப் போட்டார், கறுப்பப் போட்டார். இன்னொரு சிவப்பு. அதுவரைக்கும் ஞாபகம் இருக்கு. அடுத்தாப்ல அவருக்குத் தெரிஞ்சது, டேபிள்ல வெள்ளப் பந்து மட்டும் நின்னுச்சு. சுத்தி எல்லாரும் நின்னாங்க. ஒருத்தர்கூடக் கை தட்டல.

நடுவுல ஒண்ணுமே இல்ல. தூங்கின மாதிரியும் இல்ல, மயங்கின மாதிரியும் இல்ல. படம் ஓடிக்கிட்டு இருக்கும்போது ரீலு அந்து, ஒட்டி, மறுபடி ஓடினா எப்படி இருக்கும், அப்படி.

கோயமுத்தூர் போய் ஸ்கேன் எடுத்துப் பாத்தார். மூளைல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. இப்ப க்ளினிக்ல நின்னுக்கிட்டு டாக்டர் அதையும் சொன்னார்.

"அது எங்களுக்கு முன்னயே தெரியும்," அப்படின்னார் நஞ்சுண்டன். சிரிக்கப் பாத்து, கன்னத்தப் புடிச்சுக்கிட்டு "அம்மா"ன்னார்.

"நீ அன்னைக்கு என்ன பாத்த? மறைக்காமச் சொல்லு."

நஞ்சுண்டன் கதவுப் பக்கம் ஒரு தடவ பாத்தார். அப்புறம் குரல எறக்கிக்கிட்டார்.

"அந்த மாடி பலகைத் தரைதானேய்யா. பூனை நடந்தாலும் கிரீச்சுங்கும். கீழ பேக்கரில வர்க்கி பிஸ்கட் போடுறவர் தலைல தூசி கொட்டும். அன்னைக்கு நீ டேபிளச் சுத்திச் சுத்தி வர்ற, சத்தமே இல்ல. பேக்கரிக்காரரு மேல ஏறி வந்து எட்டிப் பாத்தாரு. ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் போயிட்டீங்களான்னு பாக்க வந்தேங்கறாரு."

டாக்டர் கதவச் சாத்திட்டு வந்தார்.

"எனக்குள்ள எவனோ வந்துட்டுப் போயிருக்கான், நஞ்சுண்டா. பந்தத் தள்ளினதோட போனான், சரி. நாளைக்கு நான் ஒருத்தர் வாய்க்குள்ள மிஷின விட்டுக்கிட்டு இருக்கும்போது வந்தான்னு வெச்சுக்க?"

நஞ்சுண்டன் தன்னையறியாம வாய மூடிக்கிட்டார்.

"நாற்காலிய வித்துடப் போறேன்," அப்படின்னார் டாக்டர். "மெட்ராஸ்ல ஒருத்தன் கேட்டிருக்கான். நாளைக்குச் சரின்னு சொல்லப் போறேன்."

"சொல்றதுக்கு முன்னாடி மாஸ்டர ஒரு வார்த்த கேளு. அவங்களும் அன்னைக்கு ஜன்னல்கிட்ட நின்னு பாத்துக்கிட்டுதானே இருந்தாங்க."

மாஸ்டர் பேரு வசுமதி. டாக்டரவிடப் பதினஞ்சு வயசு கொறைச்சல். அந்த மாடில ஆட்டம் சொல்லித் தர்றவங்க. அதிகம் பேச மாட்டாங்க. நீங்க தப்பா நின்னீங்கன்னா, தப்புன்னு சொல்ல மாட்டாங்க. பக்கத்துல வந்து உங்கள மாதிரியே நின்னு காட்டுவாங்க. உங்க தொந்தி, உங்க கோணத் தோளு, உங்க மூச்சு, அத்தனையும் அப்படியே. பாத்த ஒடனே நீங்களே நிமிந்துடுவீங்க. அதான் அவங்க பாடம்.

ரெண்டு பேரும் படியேறினப்போ மத்தியானம்தான். ஆனா மலைல மத்தியானத்துக்கு மரியாத இல்ல. பனிமூட்டமா மஞ்சு எறங்கி, ஜன்னலத் தாண்டி, உள்ளயே வந்து நின்னுச்சு. டேபிளுக்கு மேல தொங்கற வெளக்கு மட்டும் எரிஞ்சுது. டேபிள்ல பந்து ஒண்ணும் இல்ல. மாஸ்டர் டேபிளோட பச்சைத் துணிய பிரஷ்ஷால தடவிக்கிட்டு இருந்தாங்க.

"வாங்க டாக்டர்."

டாக்டர் எல்லாத்தையும் சொன்னார். மாஸ்டர் கேட்டுக்கிட்டே பிரஷ்ஷ ஓட்டினாங்க.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும், மாஸ்டர். அன்னைக்கு ஆடினது யாரு?"

மாஸ்டர் பிரஷ்ஷ வெச்சாங்க. கோல எடுத்தாங்க.

"அன்னைக்கு நஞ்சுண்டன் சார் எந்த சேர்ல இருந்தாரு?"

நஞ்சுண்டன் மூலைல இருந்த சேரக் காட்டினார்.

"அதுல நீங்க ஒக்காருங்க டாக்டர். சார், நீங்க ஸ்கோர் சொல்லுங்க."

"பந்து அடுக்கலியே, மாஸ்டர்?"

"வேணாம்."

டாக்டர் ஒக்காந்தார். எதிராளி ஆடும்போது ஒண்ணும் செய்ய முடியாம ஒக்காந்திருக்கற சேர் அது. சில்லுன்னு இருந்துச்சு.

மாஸ்டர் வெளக்கு வெளிச்சத்துக்குள்ள வந்தாங்க. வரும்போதே ஆளு மாறிப்போச்சு. வயிறு முன்னாடி வந்துச்சு. கழுத்து ஒரு பக்கம் சாஞ்சுது. இடது கை ரெண்டு வெரலு வலது மணிக்கட்டப் புடிச்சு, இல்லாத கையுறைய சுருக்குன்னு இழுத்து விட்டுச்சு. அப்புறம் குனிஞ்சு, மூலைக் குழியப் பாத்து, டாக்டரோட குரல்லயே:

"நல்லாத் தொறங்க... இன்னும் கொஞ்சம்... ஆங், அவ்வளவுதான்."

கோல் போச்சு. இல்லாத பந்து குழிக்குள்ள விழுந்துச்சு. மாஸ்டர் குழிக்கிட்ட குனிஞ்சு, "வலிச்சுதா?"ன்னு கேட்டாங்க.

நஞ்சுண்டன் சிரிச்சே செத்தார். "இவருதான்! இவருதான்! ஐயோ என் பல்லு!"

"நான் அப்படியா பண்றேன்?" அப்படின்னார் டாக்டர்.

"அப்படியேதான்யா!"

நிமிந்த மாஸ்டர், ஓரக்கண்ணால சேர் பக்கம் ஒரு பார்வ பாத்தாங்க. நான் போட்டத எவனாச்சும் பாத்தானாங்கற பார்வ. டாக்டருக்குக் காது சூடாச்சு. அதுவும் தான்தான்னு தெரிஞ்சுது.

கறுப்பு. அதே கையுறை, அதே "நல்லாத் தொறங்க," அதே பார்வ.

"எட்டு," அப்படின்னார் நஞ்சுண்டன்.

சிவப்பு. கறுப்பு. "பதினாறு."

அடுத்த சிவப்புல "வலிச்சுதா" வரல. டாக்டர் காத்துக்கிட்டு இருந்தார், வரல.

"இருபத்தி நாலு."

அதுக்கப்புறம் கையுறைய இழுக்கறது நின்னுச்சு. வெரலு மணிக்கட்டுக்கிட்ட வரைக்கும் வந்துச்சு, என்னமோ நெனச்சுத் திரும்பிப் போச்சு.

"முப்பத்தி ரெண்டு." நஞ்சுண்டன் இப்பச் சிரிக்கல.

குழியப் பாத்து ஒதடு மட்டும் அசஞ்சுது. அப்புறம் அதுவும் அசையல. சாஞ்ச கழுத்து நேராச்சு. வயிறு உள்ள போச்சு. பலகை கிரீச்சுங்கறது கொறஞ்சுது, அப்புறம் இன்னும் கொறஞ்சுது. தன்ன யாரோ ஈரத்துணியால தொடச்சுக்கிட்டே வர்றத ஒக்காந்து பாக்கற மாதிரி இருந்துச்சு டாக்டருக்கு.

"நாப்பது."

அந்தப் பார்வ மட்டும் பாக்கி இருந்துச்சு. ஒவ்வொரு பந்துக்கும் சேர் பக்கம் அந்த ஓரப் பார்வ. டாக்டர் அதப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தார்.

"நாப்பத்தெட்டு. அம்பத்தாறு."

அடுத்த சிவப்பு விழுந்துச்சு. மாஸ்டர் நிமிந்தாங்க. கண்ணு டேபிள்லயே இருந்துச்சு. சேர் பக்கம் வரல. அந்த மூலைல சேரே இல்லாத மாதிரி, அதுல யாரும் இல்லாத மாதிரி. டாக்டர் தன்னையறியாம சேரோட கைப்புடியத் தொட்டுப் பாத்துக்கிட்டார்.

கறுப்பு விழுந்துச்சு. பலகை கம்முன்னு இருந்துச்சு.

"அறுபத்தி நாலு." நஞ்சுண்டன் குரலு அவருக்கே கேக்கல.

மாஸ்டர் கோல டேபிள் மேல வெச்சாங்க. ஜன்னல்கிட்ட போய் நின்னாங்க. மறுபடி மாஸ்டராயிட்டாங்க.

"என்ன மாஸ்டர், நிறுத்திட்டீங்க?" அப்படின்னார் டாக்டர். "இன்னும் ஏழு சிவப்பு இருக்கே. கலர் பூராவும் இருக்கே."

"இருக்கு."

"அப்புறம் நான் எப்படி ஆடினேன்? அதையும் காட்டுங்க."

"அதுக்கு மேல நடிச்சுக் காட்ட ஆள் இல்ல, டாக்டர்."

கீழ பேக்கரில யாரோ தட்டக் கீழ போட்டாங்க. மூணு பேரும் திடுக்கிட்டாங்க.

"ஆள் இல்லன்னா? பந்தெல்லாம் போச்சே!"

"போச்சு."

"அப்ப வந்தது யாரு, மாஸ்டர்?"

"யாரும் வரல. நீங்க போயிருந்தீங்க."

டாக்டர் தன் கையத் திருப்பித் திருப்பிப் பாத்தார். 

"அது இன்னும் மோசமில்லியா? ஆளே இல்லாத கைய நம்பி நான் எப்படி ஒருத்தர் வாய்க்குள்ள..."

"போன வருஷம் சாருக்குக் கடவாய்ப் பல்லு எடுத்தீங்கல்ல?"

"ஆமா. சிக்கலான பல்லு. வேரு கொக்கி மாதிரி வளஞ்சிருந்துச்சு."

"எப்படி எடுத்தீங்க?"

"இதென்ன கேள்வி? ஒக்கார வெச்சேன். ஊசி போட்டேன். மரத்துப்போச்சான்னு தட்டிப் பாத்தேன். இடுக்கிய எடுத்தேன். அப்புறம்..."



"அப்புறம்?"

"அப்புறம் தட்டுல பல்லு இருந்துச்சு."

"நடுவுல?"

டாக்டர்  கண்ண மூடிக்கிட்டுத் தேடினார். அந்த வருஷத்துப் பல்ல விட்டுட்டு அதுக்கு முந்தின வருஷத்துப் பல்லத் தேடினார். தன் கையால எடுத்த மொதப் பல்லு வரைக்கும் போய்த் தேடினார். எல்லாத்துலயும் ஊசி இருந்துச்சு. எல்லாத்துலயும் தட்டு இருந்துச்சு. நடுவுல எங்கயுமே அவர் இல்ல.

அவர் மூஞ்சி அந்த மஞ்சு மாதிரி வெளுத்துருச்சு.

"சார், அன்னைக்கு வலிச்சுதா?" மாஸ்டர் நஞ்சுண்டனக் கேட்டாங்க.

"எனக்கா? எடுத்ததே தெரியல மாஸ்டர். எப்ப எடுக்கப் போறன்னு கேட்டேன், தட்டக் காட்டினாரு." அவர் டாக்டரப் பாத்தார், அவர் கையப் பாத்தார், வீங்கின கன்னத்தத் தடவிக்கிட்டார். "அதெல்லாம் சரி மாஸ்டர். இப்ப இந்தப் பல்லுக்கு நான் என்ன பண்றது? நாளைக்கு நாற்காலிய விக்கறேங்கறாரு. இவர்கிட்டப் போகட்டுமா, வேணாமா?"

மாஸ்டர் பிரஷ்ஷ எடுத்து, பந்தே உருளாத அந்தத் துணிய மறுபடி தடவ ஆரம்பிச்சாங்க.

"போங்க சார். டாக்டர் இல்லாத நேரமாப் பாத்துப் போங்க."