கரிமலையில் இறங்காத கட்டு

அழுதை ஆற்றில் முங்கி எழுந்து, ஆளுக்கொரு கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு கரையேறும்போது தளவாய் சாமி கேட்டார்.

"குருசாமி, இந்த வருசத்தோட எனக்குப் பதினெட்டு முடியுது. இனி நானும் குருசாமிதானே?"

எங்கள் குருசாமி ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"கரிமலையில சொல்லுதேன் சாமி."

"இங்கயே சொல்லக் கூடாதா?"

"இங்க குளிருது."

அவர் பதில் எப்போதும் இப்படித்தான் இருக்கும். பெயர் சிவனணைஞ்ச பெருமாள். தென்காசியில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். வயது ஐம்பதுகூட ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மாலை போட ஆரம்பித்ததால் முப்பது தடவைக்கு மேல் சபரிமலை ஏறிவிட்டார். அவரைவிடப் பதின்மூன்று வயது மூத்த தளவாய் சாமி, வருசா வருசம் அவர் காலில் விழுந்துதான் மாலை போட்டுக்கொள்வார்.

நான் கோஷ்டிக்குச் சோறு பொங்குகிறவன். கல்யாணச் சமையல் என் தொழில். என்னைச் சமையல் சாமி என்பார்கள். காட்டுப் பாதையில் சரணம் சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அடுத்த வேளைக்கு என்ன என்றுதான் யோசிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் என்னிடம்தானே கேட்கிறார்கள்!

பதினெட்டாம் வருசம் போகிறவர் ஒரு தென்னங்கன்றைச் சுமந்து கொண்டுபோய்ச் சன்னிதானத்தில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் குருசாமி. மற்றவர்களுக்கு மாலை போட்டுவிடலாம், இருமுடி கட்டிவிடலாம். தளவாய் சாமி ஆறு மாசமாகத் தன் வீட்டுக் கொல்லையில் அந்தக் கன்றை வளர்த்து, இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பதுபோல் அணைத்துக்கொண்டு வந்தார். யாரையும் தொட விடவில்லை. ஒரு தடவை நான் தொட்டேன். "கையில எண்ணெய் இருக்கும், எடும்வே" என்று விட்டார் ஒரு சத்தம்.

சரி, பதினெட்டு முடிந்தால் தானாகக் குருசாமி ஆகிவிடுகிறார். அப்புறம் எதற்கு அந்தக் கேள்வி? அதற்குக் காரணம் அம்பலவாணன்.

அம்பலவாணன் ஓய்வு பெற்ற தாசில்தார். வயது அறுபத்தெட்டு. இந்த வருசம்தான் முதல் தடவையாக மாலை போட்டிருக்கிறார். முதல் தடவை என்றால் எந்த வயதானாலும் கன்னி சாமிதான். தளவாய் சாமியோ தாலுகா ஆபீசில் டவாலியாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆறு வருசம் இதே அம்பலவாணனுக்குக் கதவு திறந்துவிட்டவர், குடை பிடித்தவர், டீ வாங்கி வந்தவர்.

மாலை போட்டுவிட்டால் கள்ளனானாலும் கலெக்டரானாலும் சாமிதான். தாசில்தாரும் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். எல்லாரையும் சாமி என்றார். என்னைக்கூடச் சாமி என்றார். தளவாயை மட்டும் தளவாய் என்றார்.

"தளவாய், தண்ணி."

தளவாய் சாமி எழுந்து ஓடுவார். பாதி வழி போன பிறகுதான், அட, நாம் ரிட்டயர் ஆகிவிட்டோமே என்று ஞாபகம் வரும். அப்புறம் பாதியில் திரும்பினால் நன்றாக இருக்காது என்று தண்ணீரை எடுத்துக்கொண்டே வருவார். எருமேலியிலிருந்து அழுதை வரைக்கும் இது பதினாலு தடவை நடந்தது. நான் எண்ணினேன். எனக்கு வேறு என்ன வேலை?

ஆற்றங்கரையில் தளவாய் சாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு தடவை இந்த மனுசன் வாயால என்னையக் குருசாமின்னு கூப்பிடணும்வே. அது போதும். அப்புறம் நான் செத்தாலும் சரி."

"மலையில வச்சு சாவைப் பத்திப் பேசக் கூடாது சாமி."

"சரி, சாகல. ஆனா கூப்பிடணும்."

கல்லிடும் குன்றில் கல்லைப் போட்டுவிட்டு நடந்தோம். கரிமலை அடிவாரம் வந்தபோது எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மற்ற ஒன்பது பேரும் முன்னால் போய்விட்டார்கள்.

"தளவாய் சாமி, நீங்க கன்னி சாமியைக் கூட்டிட்டு மெதுவா ஏறுங்க. நாங்க பின்னால வாரோம்" என்றார் குருசாமி.

இரண்டு பேரும் போனார்கள். குருசாமி என்னைச் சைக்கிளைச் சாத்துவதுபோல் ஒரு மரத்தில் சாத்தி வைத்து, காலைத் தூக்கித் தன் தொடையில் வைத்து ஒரு திருகு திருகினார். நான் போட்ட சத்தத்தில் மேலே இருந்த குரங்குகள் இடம் மாறின. ஆனால் வலி போய்விட்டது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கோஷ்டியில் சில விஷயங்களில் கண்டிப்பு அதிகம். இருமுடிக் கட்டைத் தலையில் ஏற்றுவதும் குருசாமி கைதான், இறக்குவதும் குருசாமி கைதான். அவனவன் இஷ்டத்துக்கு இறக்கக் கூடாது. கட்டு தலையில் இருக்கும்போது உட்காரவும் கூடாது. அப்படியானால் குருசாமியின் கட்டை யார் இறக்குவார்? அதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. அந்த நேரத்தில் நான் அடுப்புக்குக் கல் தேடிக்கொண்டிருப்பேன்.

நாங்களும் ஏறினோம். கரிமலை ஏற்றம் என்றால் முட்டி நெஞ்சில் இடிக்கும். பாதி ஏற்றத்தில், பாதை ஓரமாக வேர்கள் பின்னிக் கிடந்த ஓர் இடத்தில், இரண்டு பேர் எதிரெதிரே அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் தலையிலும் கட்டு. ஒருவர் இடுப்பில் தென்னங்கன்று. போகிற வருகிற சாமிகளெல்லாம் இது என்ன வேண்டுதலோ என்று பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சரணமும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"என்ன சாமி, நிக்கிய?" என்றார் குருசாமி.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"கன்னி சாமி முதல்ல சொல்லட்டும்" என்றார் குருசாமி.

"அரை மணி நேரமா நிக்கேன்" என்றார் தாசில்தார். முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கியது. "கழுத்து ஒடிஞ்சு போவுது. கட்டை இறக்கி விடுன்னேன். மாட்டேங்கான்."

"எப்படிச் சொன்னாருன்னு கேளுங்க குருசாமி! 'ஏ தளவாய், இதை இறக்கு'ன்னாரு. ஃபைல் கட்டை இறக்கச் சொல்லுத மாதிரி! கட்டை இறக்குறது குருசாமி வேலை. நான் பதினெட்டாம் வருசத்து ஆளு. 'குருசாமி, இறக்கி விடுங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டா இறக்கி விட்டுட்டுப் போறேன். வாயில முத்தா உதிர்ந்துரும்?"

"எனக்கு டீ வாங்கித் தந்தவனை நான் எப்படிவே அப்படிக் கூப்பிட?"

"பாத்தியளா! பாத்தியளா!"

குருசாமி தலையை ஆட்டாமல் யோசித்தார். கட்டு இருக்கிறதே.

"சரி தளவாய் சாமி. அவரு நிக்காரு, நியாயம். நீங்க எதுக்கு நிக்கிய? கட்டை இறக்கி வச்சிட்டு உக்காந்திருக்கலாம்லா?"

"என் கட்டை நானே எப்படி இறக்க?"

"பின்ன யாரு இறக்கணும்?"

"குருசாமிதான்."

"அதான் நீங்களே குருசாமின்னியளே?"

தளவாய் சாமி கன்றை இடுப்பின் மறுபக்கம் மாற்றிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வர, இருமல் மாதிரி ஆக்கிக்கொண்டேன்.

இனி இரண்டு பேருக்கும் நல்ல டோஸ் விழும் என்று நான் காத்திருந்தேன். விழவில்லை. குருசாமி நேராகத் தாசில்தார் முன்னால் போய்த் தலையைக் குனிந்தார்.

"சாமி, கொஞ்சம் இறக்கி விடுங்க."

தாசில்தார் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"நானா?"

"நீங்கதான்."

"நான் கன்னி சாமியாச்சே!"

"ஆமா."

"எனக்கு மந்திரம் ஒண்ணும் தெரியாதே."

"கை இருக்குல்லா?"

ஜீப் கதவைக்கூடத் தானாகத் திறந்து பழகாத மனுசர். தன் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் குருசாமியின் கட்டைத் தூக்கி, "சாமியே" என்றார். "சரணம் ஐயப்பா" என்று நாங்கள் முடித்தோம். கட்டைப் பாறைமேல் துண்டு விரித்து வைத்தார்.

குருசாமி என் கட்டை இறக்கி வைத்தார். பிறகு ஒரு வேரில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"சமையல் சாமி, சுக்குத் தண்ணி இருக்கா?"

கொடுத்தேன். ஒவ்வொரு மடக்காகக் குடித்தார். அந்த இருவரும் கட்டும் தலையுமாகக் காத்திருந்தார்கள்.

"குருசாமி, எங்களுக்கு?" என்றார் தளவாய் சாமி.

"எனக்கு இடுப்பு பிடிச்சிட்டு. கொஞ்சம் பொறுங்க."

இடுப்பாவது, பிடிக்கிறதாவது! காலையில்தான் என் அண்டாவை ஒத்தைக் கையால் தூக்கிக் கவிழ்த்தார்.

தாசில்தார் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். தளவாய் சாமியின் கால் கட்டை விரலில் எதிலோ இடித்து ரத்தம் கட்டியிருந்தது.

"கால் நடுங்குது உனக்கு" என்றார் தாசில்தார்.

"உங்களுக்கு நடுங்கலையாக்கும்?"

"நடுங்குது."

பிறகு தாசில்தார் ஓர் அடி முன்னால் வந்தார்.

"குனி."

அதே ஆபீஸ் குரல்தான். ஆனால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். தளவாய் சாமி பழக்க தோசத்தில் குனிந்துவிட்டார். தாசில்தார் கட்டை மெதுவாகத் தூக்கி இறக்கி, குருசாமியின் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

தளவாய் சாமி நிமிர்ந்தார். கண் நிறைந்துவிட்டது. எனக்கும் என்னவோ போலிருந்தது, பொய் சொல்வானேன். அதற்குள் கன்றின் ஓலை தாசில்தார் மூக்கில் குத்த, அவர் பெரிதாக ஒரு தும்மல் போட்டார். அந்தத் தும்மலில் அவர் தலையிலிருந்த கட்டு சரிந்தது. தளவாய் சாமி கன்றை ஒரு மரத்தில் சாத்திவிட்டு ஓடி வந்து இரண்டு கையாலும் கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்படியே இறக்கியும் வைத்தார். எதுவும் கேட்கவில்லை.

"யம்மாடி" என்று தாசில்தார் தொப்பென்று உட்கார்ந்தார்.

நாங்கள் சுக்குத் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கீழேயிருந்து நாலு பேர் வந்தார்கள். மதுரைக்காரர்கள். இளைத்துக் களைத்துப்போய் நின்றார்கள்.

"சாமி, எங்க குருசாமி முன்னாடி போய்ட்டாரு. எங்களால முடியல. கட்டை இறக்கிவிட இங்க யாராச்சும் இருக்கீகளா?"

குருசாமி கண்ணை மூடிக்கொண்டார். "இடுப்பு" என்றார்.

அவர் சொல்வதற்கு முன்னாலேயே தளவாய் சாமி எழுந்துவிட்டிருந்தார். ஒவ்வொரு கட்டாக இறக்கினார். ஒருவருக்குக் காலை நீவிவிட்டார். ஒருவர் கட்டில் கயிறு தளர்ந்திருந்ததை இறுக்கிக் கட்டினார்.

"குருசாமி, எனக்கும் கொஞ்சம் தண்ணி."

"குருசாமி, இந்த முடிச்சையும் பாருங்க."

"குருசாமி, இன்னும் எம்புட்டுத் தூரம்?"

"ஏற்றம் கொஞ்சம்தான் சாமி. வேரைப் பாத்து மிதிங்க, வழுக்கும்."

கால் மணி நேரம் கழித்து நாலு கட்டையும் அவரே தூக்கி வைத்தார். நாலாவது ஆள், "வர்றோம் குருசாமி" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். பிறகு எங்கள் குருசாமிக்கும் எனக்கும் தூக்கி வைத்தார். கடைசியில் தாசில்தார் வந்து முன்னால் நின்றார்.

"எனக்கும் தூக்கி விடுங்க, குருசாமி."

சத்தமே இல்லாமல்தான் சொன்னார். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. தளவாய் சாமியோ கட்டை ஏற்றிச் சரிபார்த்துக்கொண்டு, "கழுத்தை நேரா வைங்க, கழுத்தை நேரா வைங்க" என்றார். ஆறு வருசம், பதினெட்டு மலை, எல்லாம் காத்திருந்து காத்திருந்து, வந்த நேரத்தில் மனுசர் காதில் வாங்கவில்லை!

தளவாய் சாமியின் கட்டைக் குருசாமி தூக்கி வைத்தார். இடுப்பு சரியாகிவிட்டது போலும்.

ஏறினோம். குருசாமியும் தளவாய் சாமியும் முன்னால் போனார்கள். நான் நடுவில். தாசில்தார் கொஞ்சம் பிந்தி வந்தார். பின்னால் ஏதோ சரசரவென்று கேட்டது. எனக்குத் திரும்பிப் பார்க்கத் தெம்பில்லை.

உச்சி வந்தது. காற்று வந்தது. தளவாய் சாமிக்குக் கேள்வியும் வந்தது.

"குருசாமி, கரிமலையில சொல்லுதேன்னிய. உச்சியே வந்துட்டு."

"எதைச் சாமி?"

"இனி நான் குருசாமிதானான்னு."

"அதான் அஞ்சு பேரு சொன்னாவளே. உங்க காதுல விழலையா?"

"எந்த அஞ்சு பேரு?"

"மதுரைக்காரங்க."

தளவாய் சாமி நடந்துகொண்டே விரல் விட்டு எண்ணினார்.

"அவங்க நாலு பேருதானே. அஞ்சாவது யாரு?"

குருசாமி நடந்துகொண்டிருந்தார். தளவாய் சாமி எண்ணிய விரல்களையே பார்த்தபடி நின்றுவிட்டார். இத்தனை நேரம் கன்றைப் பிடித்திருக்க வேண்டிய கை அது.

"ஐயையோ! என் கன்னு!"

திரும்பப் போனவரின் தோளைக் குருசாமி பிடித்துக்கொண்டார்.

"அஞ்சாவது ஆளு தூக்கிட்டு வாராரு. திரும்பிப் பாத்துராதிய சாமி, கூச்சப்பட்டுக் கீழ வச்சிருவாரு."