பேச்சிமுத்து எடுத்த உருவமில்லாத படம்

மேலப்புதூர் பேச்சிமுத்துவுக்கு முப்பத்தாறு வயது. பதினோரு வீட்டில் பெண் பார்த்து, பதினோரு வீட்டுக் கேசரியையும் தின்றாயிற்று. ஒரு வீட்டிலிருந்தும் பதில் இல்லை. மனுஷன் நொந்து போயிருந்தான். பன்னிரண்டாவதாக வந்த ஓவிய டீச்சர் தமயந்தியோ போட்டோ அனுப்பவில்லை, ஒரு பார்சல் அனுப்பினாள்.

பிரித்தால், கொழகொழவென்று ஒரு ஜெல் தகடு, உருளை, வண்ண டப்பாக்கள், நாற்பது தாள், ஒரு கடிதம். ‘ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வருகிறேன். தகட்டில் வண்ணம் உருட்டி, தாளை வைத்து அழுத்தி, ஒரு படம் எடுத்து வையுங்கள். தாளுக்கும் தகட்டுக்கும் நடுவே காற்று புகக் கூடாது. படத்தில் எந்த உருவமும் தெரியக் கூடாது. படம் பிடித்தால் கல்யாணம்.’

அந்தக் குண்டு குண்டான கையெழுத்தைப் பார்த்ததுமே பேச்சிமுத்துவுக்கு மனசு சாய்ந்துவிட்டது. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று தம்பிகள் ஐயாக்குட்டியிடமும் நம்பிராஜனிடமும் சொல்லிவிட்டான். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார்கள்.

முதலில் காற்று. ஐயாக்குட்டி ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் எல்லாம் பழைய வேட்டியைத் திணித்தான். பேச்சிமுத்து ஃபேனை நிறுத்தினான்.

“அண்ணே, நாம விடுறமே மூச்சு, அதுவும் காத்துதானே?” என்றான் நம்பிராஜன்.

“அட ஆமாலே! நல்லவேளை சொன்னே.”

மூன்று பேரும் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் தாளைத் தேய்த்தார்கள். தாளை உரிப்பதற்குள் நம்பிராஜன் மயங்கிச் சரிந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பினால், எழுந்ததும் படத்தைப் பார்த்துக் கத்தினான்.

“அண்ணே, எருமை தெரியுது!”

“எருமை எங்கலே இருக்கு? அது நம்ம பெரிய மாமா. மூக்கைப் பாரு,” என்றான் ஐயாக்குட்டி.

பேச்சிமுத்து தாளைத் தலைகீழாகத் திருப்பினான். அவன் கண்ணுக்குப் பூசணிக்காய் தெரிந்தது. போயே போச்சு!

அடுத்ததில் கூஜா. அதற்கடுத்ததில் வக்கீல். சனிக்கிழமை மத்தியானம் நாற்பதாவது தாளும் தீர்ந்தது. அதில் கொண்டையோடு ஒரு சேவல் நின்றது. பேச்சிமுத்து வாய்விட்டே அழுதுவிட்டான்.

அழுகைச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பரமசிவம் சார் ஓடி வந்தார். வந்த அவசரத்தில் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டார்.

“சார், இதுல உங்களுக்கு என்ன தெரியுது?”

“கண்ணாடி இல்லாம எனக்கு ஒரு எழவும் தெரியாதே, தம்பி.”

பேச்சிமுத்து அழுகையை நிறுத்தினான். “ஏலே, படம் சரியாத்தான் வந்திருக்கு! பாக்கிற கண்ணுலதான் கோளாறு!”

ஞாயிற்றுக்கிழமை பெண்வீட்டார் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். “செருப்பு இங்க, கண்ணாடி இங்க,” என்று ஐயாக்குட்டி வாசலிலேயே பெண்ணின் அப்பாவுடைய கண்ணாடியைக் கழற்றி வாங்கிவிட்டான். தமயந்திக்குக் கண்ணாடி இல்லை. நம்பிராஜன் துவைத்த துண்டு ஒன்றைப் பின்னாலிருந்து மரியாதையாக அவள் கண்ணில் கட்டினான். நியாயம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே? அண்ணன் தம்பி மூன்று பேரும் ஆட்டோ வருவதற்கு முன்னதாகவே கண்ணைக் கட்டிக்கொண்டு தடவித் தடவித்தான் வரவேற்றார்கள். காபியில் பாதி அப்பாவின் மடியில் போயிற்று.

“படத்துல ஏதாவது உருவம் தெரியுதாங்க?” என்றான் பேச்சிமுத்து.

தமயந்தி துண்டை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். சுவரில் சேவல். அதன் எதிரே, கண்ணைக் கட்டிக்கொண்டு, ஜன்னலைக் கும்பிட்டபடி மூன்று ஆம்பிளைகள். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கலே வந்துவிட்டது.

“அப்பா, சொன்ன சொல்லை இப்படிக் கேக்கிற மாப்பிள்ளை வேற எங்க கிடைப்பார்? எனக்குச் சம்மதம்.”

ஆட்டோ போன சத்தம் கேட்ட பிறகு, துண்டை அவிழ்க்காமலே பேச்சிமுத்து கேட்டான்: “ஏலே, பொண்ணு எப்படிலே இருந்தா?”

“எனக்கு ஒரு உருவமும் தெரியலைண்ணே,” என்றான் ஐயாக்குட்டி.

“எனக்கும்தான்,” என்றான் நம்பிராஜன்.

“எனக்கும் தெரியலைலே,” என்றான் பேச்சிமுத்து பூரித்துப்போய். “அப்புறம் என்ன? டீச்சர் கேட்ட மாதிரியே அமைஞ்சிருக்கா. முகூர்த்தத்துக்குத் தேதி பாருங்க!”