மதிலுக்கு எதிரே பதினொரு பேர்

"ஆசானே, அந்த மதிலை உடைக்க வழி இருக்கா, இல்லியா? இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா இல்லேன்னாவது சொல்லுங்க."

பிரிஸ்கா உட்காரக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

கிளீட்டஸ் ஆசான் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அந்தக் கடற்கரையில் அவரைத் தாண்டிப் பந்து போனதில்லை என்பார்கள். இப்போது வீட்டுப் படியைத் தாண்டுவதற்கே அவர் இரண்டு தடவை யோசிக்க வேண்டியிருந்தது.

"எந்த மதிலு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

அவளுக்குப் பந்து உதைக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இன்று அவள் கரையோரத்துக் கல்லூரி ஒன்றில் பெண்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளர். நாற்பதை நெருங்கிவிட்டாள். மூன்று வருஷமாக அவளுடைய அணி இறுதிப் போட்டிவரை போகிறது. மூன்று வருஷமும் மலையோரக் கல்லூரியிடம் தோற்றுத் திரும்புகிறது. அதுவும் ஒரு கோல்கூடப் போடாமல்.

மலையோரக் கல்லூரியில் தடுப்பாட்டக்காரிகள் நான்கு பேர். ஒருத்தி நகர்ந்தால் நாலு பேரும் நகர்வார்கள். ஒரே உடம்புக்கு எட்டுக் கால்கள் முளைத்தது போல இருக்கும். ஜனங்கள் அவர்களுக்கு வைத்த பெயர்தான் மதில்.

"இந்த வருஷமும் ஃபைனல்ல அவியதான்" என்றாள் பிரிஸ்கா. "இந்தத் தடவையும் தோத்தா டீமைக் கலைச்சிருவோம்னு பிரின்சிபல் சொல்லியாச்சு. கிரவுண்டுல ஹாஸ்டல் கட்டப் போறாவளாம்."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா பாக்கலாம்னு சொன்னாவ."

"ம்."

"மூணு பிள்ளைய வரவே மாட்டோம்னு நிக்குது. அடி வாங்கத்தானே மிஸ் கூட்டிட்டுப் போறீங்கன்னு கேக்குது. நான் என்ன பதில் சொல்ல?"

ஆசான் எதிரில் தரையைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். கக்கத்தில் இடுக்கியிருந்த சார்ட் காகிதச் சுருளை எடுத்து விரித்தாள். பச்சை வட்டங்கள் அவளுடைய பெண்கள். கறுப்பு வட்டங்கள் மதில். சிவப்பு அம்புகள் பந்து போகும் வழி.

"ஏழு திட்டம் போட்டிருக்கேன். இது முதல் திட்டம். ரெஜிலா இடது ஓரமா பந்தைக் கொண்டு போறா. அங்கேயிருந்து நடுவுல தூக்கிப் போடுறா."

ரெஜிலா அணியின் கேப்டன்.

"பிறகு?"

"மதில் தலையால தட்டி வெளியே அனுப்பிரும்."

"சரி. அடுத்தது."

"இது குட்டிக் குட்டி பாஸ். தரையோட தரையா. ஊசி நுழையுற மாதிரி நடுவுல நுழையணும்."

"பிறகு?"

"அவிய நெருங்கி நின்னுருவாவ. வழி அடைஞ்சுரும்."

"அடுத்தது."

"மதிலுக்குப் பின்னால நீளமா அடிச்சுட்டு ஓடணும்."

"பிறகு?"

"அவிய ஒண்ணாச் சேர்ந்து முன்னால வந்துருவாவ. ஆஃப்சைடு."

ஏழு திட்டத்தையும் அவர் கேட்டார். ஏழு தடவையும் பிறகு, பிறகு என்றார். ஏழாவது திட்டத்துக்கு வரும்போது அவள் குரல் கம்மிவிட்டது.

"நல்ல திட்டம்" என்றார் ஆசான்.

"எது ஆசானே?"

"எல்லாந்தான். மதில் ஒரு இடத்துலகூடத் தப்புப் பண்ணலியே."

பிரிஸ்கா சுருளைச் சுருட்டினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அவர் பார்த்துவிடக் கூடாதென்று குனிந்தே சுருட்டினாள்.

"கிண்டல் பண்ணுதீங்க."

"இல்ல மக்களே. நாளைக்குச் சாயங்காலம் பிள்ளையளைக் கிரவுண்டுக்குக் கூட்டிட்டு வா. நான் ஒரு மதிலைக் கொண்டு வாரேன். அவிய மதிலுக்குச் சளைச்சதில்ல."

மறுநாள் ஆசான் ஆட்டோவில் வந்து இறங்கினார். தனியாகத்தான் வந்தார். கைத்தடியை ஊன்றி மெல்ல நடந்து வந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மதில் எங்கே ஆசானே?"

அவர் கைத்தடியை நீட்டி எதிர்ப்பக்கத்தைக் காட்டினார்.

அங்கே யாருமில்லை. தடுப்பதற்கும் ஆளில்லை, கோல்கீப்பரும் இல்லை. காலியான பாதி மைதானமும் இரண்டு கம்பமும் மேலே ஒரு சட்டமும்தான்.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வரமாட்டோம் என்று நின்ற மூவரும், ஆசானைப் பார்க்கும் ஆசையில், அன்று வந்திருந்தார்கள்.

"போய் கோல் போடுங்க பிள்ளே" என்றார் ஆசான்.

ரெஜிலா பந்தை எடுத்தாள். இடது ஓரமாக ஓடினாள். நல்ல ஓட்டம். பெனால்டி பகுதியின் கோடு வந்தது. கால் தயங்கியது. பக்கவாட்டில் பார்த்தாள். பந்தைப் பின்னால் தள்ளிவிட்டாள்.

வாங்கியவள் வலப்பக்கமாகக் கொண்டு போனாள். அதே கோடு. அவளும் நின்றாள். பின்னால் தள்ளினாள்.

மறுபடி போனார்கள். மறுபடி திரும்பினார்கள். ஒருத்தி மட்டும் பொறுக்க முடியாமல் தூரத்திலிருந்தே ஓங்கி அடித்தாள். பந்து சட்டத்துக்கு மேலே பறந்து தென்னந்தோப்புக்குள் போய் விழுந்தது.

பிரிஸ்காவுக்கு ரத்தம் தலைக்கேறியது. மைதானத்துக்குள் ஓடினாள்.

"ஆளே இல்லியேடி! காத்துதானே நிக்குது! எதுக்கு நிக்கிறே?"

"தெரியல மிஸ்" என்றாள் ரெஜிலா. மூச்சு வாங்கியது. "இந்த இடத்துக்கு வந்தா நீங்க விசிலடிப்பீங்கல்லா. நிறுத்தி, இப்படிப் போனா மாட்டிக்கிடுவேன்னு சொல்லுவீங்க. அதான், கால் தானா நின்னுருது."

பிரிஸ்கா எதையோ சொல்ல வாயைத் திறக்கப் போனாள். திறக்க முடியவில்லை. பல்லிடுக்கில் விசில் இருந்தது. எப்போது எடுத்துக் கடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அவள் பெஞ்சுக்கு நடந்தாள். கழுத்துக் கயிற்றோடு அதைக் கழற்றி ஆசானிடம் நீட்டினாள்.

"எனக்கெதுக்கு? நான் என்ன ரெஃபரியா?"

ஆட்டோவைக் கூப்பிட்டு ஏறிப் போய்விட்டார்.

அதன் பிறகு இறுதிப் போட்டிவரை பிரிஸ்கா விசிலைத் தொடவில்லை. சார்ட் காகிதத்தை விரிக்கவில்லை. பெண்கள் கோட்டைத் தாண்டி உள்ளே போனார்கள். போய் இடித்துக்கொண்டு விழுந்தார்கள். எழுந்து சிரித்தார்கள். முரண்டு பிடித்த மூவரும் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்கள். பல மாதங்களுக்குப் பிறகு பிரிஸ்காவுக்கு நல்ல தூக்கம் வந்தது. தூக்கத்தில் அவள் கோல் விழுவதைப் பார்த்தாள்.

இறுதிப் போட்டி மாவட்டத் தலைநகர் அரங்கத்தில் நடந்தது. உச்சி வெயில் தாண்டிய நேரம். மலையோரக் கல்லூரிக்காரர்கள் செண்டை மேளத்தோடு வந்திருந்தார்கள்.

ரெஃபரி விசில் ஊதியதுமே பிரிஸ்காவின் பெண்கள் உள்ளே பாய்ந்தார்கள். மதிலே ஒரு கணம் பின்வாங்கியது. பிரிஸ்கா அதைத் தன் கண்ணால் பார்த்தாள்.

பிறகு மதில் மதிலாக நின்றது.

எல்லோரும் முன்னால் போய்விட்டதால் பின்னால் ஆளில்லை. மதிலின் நடுவில் நின்ற ஐந்தாம் எண்காரி பந்தைப் பறித்து ஒரே அடியில் அந்தப் பக்கம் அனுப்பினாள். அங்கே தனியாக நின்ற அவள் கூட்டாளி அதைச் சாவகாசமாகத் தட்டி உள்ளே விட்டாள். முதல் கோல்.

இரண்டாவதும் அப்படியே விழுந்தது.

இடைவேளைக்குப் பிறகு ரெஜிலா அடித்த பந்து கம்பத்தில் பட்டது. அரங்கமே எழுந்து நின்றது. பந்து திரும்பி வந்து மதிலின் காலடியில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது கோல்.

மூன்றுக்கு ஒன்றுமில்லை.

பிரின்சிபல் வந்து பிரிஸ்காவின் கையைக் குலுக்கினார். "நல்லாத்தான் விளையாடினாங்க" என்றார். ஹாஸ்டலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

வேன் அவர்களைக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டது. அங்கிருந்து பிரிஸ்கா நேராக ஆசான் வீட்டுக்கு நடந்தாள். விளக்கு வைக்கும் நேரம். கடலில் ஒரு வள்ளம்கூட இல்லை. மணல் எல்லாம் ஈயம் போல நிறமற்றுக் கிடந்தது. செத்த வீட்டுக்குப் போகிறவள் போல அவள் நடந்தாள்.

"ஏமாத்திட்டீங்க ஆசானே."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மதிலே இல்லேன்னு சொன்னீங்க. எல்லாம் எங்களுக்குள்ளதான் இருக்குன்னு சொன்னீங்க. நம்பிப் போனோம்."

"நான் எப்ப பிள்ளே சொன்னேன்?"

பிரிஸ்கா யோசித்துப் பார்த்தாள். அவர் சொல்லவில்லைதான். போய் கோல் போடுங்கள் என்று மட்டுந்தான் சொன்னார். மற்றதெல்லாம் அவளே சொல்லிக்கொண்டது.

"மதில் நிஜம் ஆசானே. எலும்பும் சதையுமா நாலு பேரு."

"ஆமா. நல்ல மதிலு. நான் பாத்திருக்கேன்."

"தெரிஞ்சுதான் அனுப்பினீங்களா?"

"தெரிஞ்சுதானே நீயும் போனே?"

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"போன வருஷம் ஒரு கோல்ல தோத்தோம். இப்ப மூணு. பழைய மாதிரியே ஆடியிருந்தா ஒண்ணோட போயிருக்கும்."

"போயிருக்கும்."

அவர் மறுத்துப் பேசுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். இல்லை, அப்படியில்லை என்று ஒரு வார்த்தை. அவர் சொல்லவில்லை. அதுதான் அவளை அதிகமாக உடைத்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆசான் அழவிட்டார். தேற்றவில்லை, தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அழுகை ஓய்ந்த பிறகு கேட்டார்.

"மூணாவதும் விழுந்த பிறகு பிள்ளைய என்ன செஞ்சுது?"

"போச்சு. திரும்பத் திரும்ப உள்ளே போச்சு. ரெஜிலாவுக்கு உதடு கிழிஞ்சு ரத்தம். வெளியே வாடின்னு கத்தினேன். வரல. கடைசி நிமிஷத்துலயும் அந்த நாலு பேரு நடுவுல போய் விழுந்தா. எதுக்குன்னு எனக்குப் புரியல. அதுக்கு மேல என்ன மிச்சம் இருந்துது?"

"நீ போகச் சொன்னியா?"

"இல்ல."

"வேற யாராவது?"

"யாரும் சொல்லல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எட்டாவதா ஒரு திட்டம் இருந்திருக்கும் ஆசானே" என்றாள் பிரிஸ்கா. "எங்கேயோ இருந்திருக்கும். எனக்குத்தான் கண்டுபிடிக்கத் தெரியல. என் மூளைக்கு எட்டல. எல்லாம் போச்சு. இனி நான் என்ன செய்ய?"

ஆசான் கேட்டார்.

"பிள்ளைய எங்கே?"

"ஆங்?"

"உன் பிள்ளைய. பதினொண்ணும் எங்கே இருக்கு இப்ப?"

"காலேஜ் வாசல்ல. வேன் இறக்கிவிட்டுது."

"வீட்டுக்குப் போயாச்சா?"

"போயிருக்கும்." அவள் நிறுத்தினாள். "இல்ல. நான் வரும்போது இறங்கின இடத்துலயே உக்காந்திருந்துது."

"ரெஜிலாவுக்கு உதட்டுல தையல் போடணுமா?"

பிரிஸ்கா தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏதாவது தின்னுச்சா எல்லாம்?"

அவள் யோசித்தாள். வேனில் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்றே அவளுக்கு நினைவில்லை. வழி நெடுக மூன்றாவது கோல்தான் கண்ணுக்குள் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தது. வாசலில் இறங்கி நடந்தபோது பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். மிஸ் என்று. இரண்டு தடவை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆசானே, வரும்போது ஒருத்தி என்னைக் கூப்பிட்டா."

"யாரு?"

"தெரியல."

"எதுக்கு?"

"தெரியல ஆசானே."

"உனக்கே தெரியலேன்னா, இங்கே இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

பிரிஸ்கா எழுந்தாள். படி இறங்கும்போது நடந்தாள். தெரு கல்லூரிப் பக்கம் திரும்பும்போது ஓடிக்கொண்டிருந்தாள்.