சடையனோட மாவு மூஞ்சி

"இதை உடைக்கணும் சாமியம்மா. ஆசீர்வாதம் பண்ணுங்க."

குறி சொல்ற சாமியம்மா முன்னாடி குப்பமுத்து துண்டைப் பிரிச்சாரு. உள்ள ஒரு மூஞ்சி. கை ஒடிஞ்சா கட்டு போடுவாங்களே, அந்த வெள்ளை மாவுல செஞ்சது.

பக்கத்துலயே ஒரு சுத்தியல்.

"யாரு இது?"

"எங்க முப்பாட்டன் சடையன். ஒரு வெள்ளைக்காரத் துரை மலையேறி வந்து, ஆளைப் படுக்க வெச்சு, மூஞ்சியில மாவைப் பூசி அச்செடுத்துட்டுப் போயிட்டான். நூறு வருஷமா மியூசியத்துல கண்ணாடிக்குள்ள கெடந்தாரு. சண்டை போட்டு இப்பத்தான் வாங்கியாந்தேன்."

"நல்லதுதானே?"

"கீழ என்ன எழுதியிருந்தான் தெரியுமா? 'மலைச்சாதி ஆண். சிரிக்கத் தெரியாதவர்கள்.' எங்களையா! எழவு வீட்லயே சிரிப்பை அடக்க முடியாம கொல்லைக்கு ஓடற வம்சம் எங்க வம்சம்!"

சாமியம்மாவுக்கு இவரு மக வயசுதான் இருக்கும். மூஞ்சியை உத்துப் பாத்தாங்க. கடிச்ச உதடு. குழி விழுந்த இடது கன்னம்.

"ஆளு கோவமாத்தான் இருக்காரு."

"அதான் உடைக்கறேங்கறேன். இந்த மூஞ்சியோட அவரு இருக்க வேணாம்."

"உடைச்சுக்க. முதல்ல படு."

படுத்தாரு. சாமியம்மா குழல் மாதிரி மெல்லிசா ரெண்டு பப்பாளி இலைத் தண்டை எடுத்து மூக்குல சொருகினாங்க.

"ஐயோ, எதுக்கு?"

"மாவு பூசுனா மூச்சு விட வேணாமா? துரையும் ஏதாவது சொருகித்தான் இருப்பான். வாயை மூடு. அசையாத."

சாமியம்மா அள்ளிப் பூசுன வாய்க்கால் சேறு கன்னத்துல ஏறுச்சு. ஜில்லுன்னு. தாடைக்கடியில கூசுச்சு.

"இப்ப நான்தான் துரை. கோட்டு, தொப்பி. முழங்கை வரைக்கும் மாவு. உன் மூக்குல தண்டைச் சொருகிட்டு ரொம்ப மரியாதையாக் கேக்கறேன். சௌகரியமா இருக்கா?"

குப்பமுத்து உதட்டைக் கடிச்சாரு. வயிறு குலுங்குச்சு. தண்டு ரெண்டும் ஆடுச்சு.

"அப்படியே எந்திரி! மூஞ்சியை மாத்தாத!"

தண்ணிச் சட்டியை முன்னாடி நகத்தி வெச்சாங்க.

குனிஞ்சு பாத்தாரு. கடிச்ச உதடு. குழி விழுந்த இடது கன்னம்.

திரும்பி மாவு மூஞ்சியைப் பாத்தாரு.

"அடப்பாவி தாத்தா!" சேத்துல கண்ணீர் கோடு போட்டு எறங்குச்சு. "இத்தனை வருஷமாவா சிரிப்பை அடக்கிட்டிருக்க?"

அப்புறம் மியூசியம் இருக்கற டவுன் பக்கமாத் திரும்பி, மூக்குல தண்டோடயே ஒரு கும்பிடு போட்டாரு.

"எழுதுனவன் கெடக்கான். உடையாம வெச்சிருந்தானுங்களே, நல்லா இருக்கட்டும்."

சாமியம்மா சுத்தியலை எடுத்து நீட்டினாங்க.

வாங்கிக்கிட்டாரு.

"ஆணி இருக்கா சாமியம்மா?"