பாசி மெத்தை

மான்தோலைத் தூக்கிப் போட வைத்ததே செங்கமலத்தம்மாதான். சேர்வராயன் மலையில் இருக்கும் எங்கள் மடத்தில் தியானத்துக்கு உட்கார அதுவரை மான்தோல்தான் விரிப்போம். கொல்லாமை நோன்பு எடுத்தவர்கள் செத்த மான் மேல் உட்காரலாமா என்று வந்த அன்றே கேட்டுவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் மடத்துச் சமையல்காரன், வந்ததும் வராததுமாகக் கேள்வி கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் கேள்வி நியாயம்தான்.

மான்தோலுக்குப் பதிலாக அவர் கொண்டுவந்தது பாசி மெத்தை. பாறையில் படர்ந்த பாசியை அடை அடையாகப் பெயர்ப்பார். மொட்டைப் பாறையில் போட்டு வெயிலில் காயவைப்பார். காய்ந்ததைத் துணிப்பையில் திணித்துத் தைப்பார். அறுபது வயதில் அவர் குனிந்து குனிந்து பெயர்ப்பதைப் பார்த்தால் நமக்கு இடுப்பு வலிக்கும்.

அவருடைய குரு அருளாழி சாமி, அவரைவிட ரொம்ப இளையவர். துறவுக்கு முன் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர்.

ஒரு நாள் காலையில் செங்கமலத்தம்மா சாமி முன்னால் வந்து நின்றார்.

"சாமி, எனக்குத் துறவு கொடுங்க. இங்க வந்ததுலேர்ந்து நான் ஒரு உசிரையும் கொன்னதில்ல. அது போதாதா?"

சாமி பதில் சொல்ல வாயெடுத்தார். அவர் கண் காய்ந்துகொண்டிருந்த பாசி மேல் போயிற்று. அப்படியே நிறுத்திவிட்டார். முகம் வெளுத்துப் போனது.

"மாவு சலிக்கிற சல்லடையைக் கொண்டாங்க," என்றார் என்னிடம்.

அப்போதுதான் பெயர்த்த ஈரப் பாசியில் ஒரு கைப்பிடி எடுத்துச் சல்லடையில் வைத்தார். அடியில் தன் வெள்ளைத் துண்டை விரித்தார். வெயில் ஏற ஏற மூவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். உச்சிப்பொழுதில் சல்லடையை எடுத்தால் துண்டு முழுக்கப் பழுப்புத் தூள்.

"மண்ணு சாமி. எப்பவும் உதிரும். தண்ணி ஊத்திப் பாறையைக் கழுவி விட்டுடுவேன்," என்றார் செங்கமலத்தம்மா.

சாமி ஏடு படிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார். அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைச் சட்டென்று என் பக்கம் நீட்டினார். என்னவோ ஏதோ என்று நான் வாங்கிப் பார்த்தேன்.

மண் நடந்துகொண்டிருந்தது. கடுகு மாதிரி பளபளவென்று சில. தோளில் இரண்டு காது முளைத்தது போலச் சில. ஒன்று என் மூச்சுக்காற்று பட்டதும் காலையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு டப்பா மாதிரி மூடிக்கொண்டது. ஒன்று போல ஒன்று இல்லை.

"சிற்றுண்ணி," என்றார் சாமி. "உண்ணி ஜாதிதான், யாரையும் கடிக்காது. மக்கின இலையத் தின்னு மண்ணாக்கும். இந்த மலையில இருக்கற மரத்துக்கெல்லாம் அதுதான் சோறு."

"வெயில்ல போட்டா?" என்று கேட்டார் செங்கமலத்தம்மா.

"மேல காய காய ஈரம் தேடிக் கீழ இறங்கும்."

"கீழ பாறைதானே சாமி. சுடுமே."

"சுடும்மா."

சாமி துண்டை எடுத்துப் போய் நிழலில் இருந்த ஈரப் பாசி மேல் மெதுவாக உதறினார். நான் பின்னாலேயே போனேன்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் பேசாம இருந்தீங்களா?" என்று கேட்டேன். குரு என்றும் பார்க்கவில்லை, அவ்வளவு கோபம்.

"பிள்ளைங்களுக்குப் பாடமே நடத்தியிருக்கேன். அந்த மெத்தையிலதான் தினமும் உக்காந்தேன். இன்னிக்கு அவங்க கேட்டப்பதான் உறைச்சுது," என்றார்.

செங்கமலத்தம்மா மொட்டைப் பாறையில் போய் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. தண்ணீரும் வேண்டாம் என்றார். உதடு வெடித்துவிட்டது. நான் கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். இந்தப் பிடிவாதத்தில் மனுஷி போய்ச் சேர்ந்துவிடுவார் என்று பயந்துபோய்ச் சாமியிடம் ஓடினேன்.

சாமி ஒரு செம்பில் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"முடிவே பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன் சாமி. கால வெச்சா சாகுது, கைய வெச்சா சாகுது. நான் இருந்தாத்தானே இதெல்லாம்? இனிமே என்னால ஒரு உசிரு போகக் கூடாது."

"உங்க புருவ முடியோட வேர்ல அதே உண்ணி ஜாதியில ஒரு வகை குடியிருக்கும்மா. பெரியவங்க ஆனா எல்லார் முகத்துலயும் இருக்கும். உங்க தோல விட்டா அதுக்குப் பொழைக்க வேற எடம் கெடையாது."

செங்கமலத்தம்மாவின் கை புருவத்துக்குப் போனது. தொடப் பயந்து பாதியிலேயே நின்றது. சாமியையே வெறித்துப் பார்த்தார்.

சாமி செம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க செத்தா அதுங்களும் செத்துடும். இந்தக் கஞ்சிய உங்களுக்கு மட்டுமா கொண்டாந்தேன்?"